சாப்பாட்டு நேரத்தில் ஓடிய மிஷின்

"…ஓடுதா நிக்குதான்னு மட்டுந்தானுங்க தம்பி இந்தப் பொட்டிக்குத் தெரியும். ஆரு உக்காந்து ஓட்டறாங்கன்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?" என்று அவிநாசி அக்கா சொன்னபோது, நான் செக்கிங் மேசையில் குறை பார்க்க ஒரு குழந்தைச் சட்டையை உள்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அக்காவின் ஓவர்லாக் மிஷினுக்கு எதிரில் ஒரு ஸ்டாண்ட், ஸ்டாண்டில் ஒரு போன். போனுக்குள் எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கள் சின்ன முதலாளி, கையில் வாட்ச் மாதிரி ஒரு கறுப்புப் பட்டையை வைத்துக்கொண்டு நின்றார். "உங்க வேகத்துக்கு என்ன காரணம்னு கேக்கறாங்கக்கா" என்று அவர் கேட்டதற்குத்தான் அக்கா இப்படிச் சொன்னார்.

சின்ன முதலாளி சிரித்தார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார் போல. எங்கள் லைனில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

எங்கள் லைனில் யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான் பேர். அவிநாசிப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர் அவிநாசி அக்கா. அவருக்கு முன் மிஷினில் இருப்பவள் மதுரைக்காரி. பின் மிஷினில் ஒடிசாப் பொண்ணு. என்னைப் பூண்டியக்கா என்பார்கள், நான் திருமுருகன்பூண்டியில் இறங்குகிறவள். பனியன் கம்பெனிகளில் இப்படித்தான். மூன்று வருசம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளின் உண்மைப் பேர் அவள் கல்யாணப் பத்திரிகையில்தான் தெரியவரும்.

அவிநாசி அக்கா பாவாடை தாவணி கட்டின வயசிலேயே டைலர் ஆனவர். குழந்தைச் சட்டைக்குத் தோள் சேர்ப்பது அவர் வேலை. முன்துண்டையும் பின்துண்டையும் தோளில் சேர்த்துப் பிடித்து மிஷினுக்குள் விட்டால், மிஷின் ஒரு பக்கம் தைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். வெட்டுகிற பிளேடு விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அக்காவின் ஸ்டூலில் ஒரு மெத்தை இருக்கும். கட்டிங் மேசையில் மிஞ்சுகிற கலர் கலர்த் துணியை அடைத்து அவரே தைத்தது. டைலருக்குத்தான் மெத்தை. தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்ப்பர்களுக்கு ஸ்டூலே கிடையாது, நாள் பூரா நின்றுகொண்டே வெட்ட வேண்டும்.

போன மழைக்காலத்திலிருந்து அக்காவுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, அப்புறம் மணிக்கட்டு வரைக்கும். காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலேயே நிற்பார். "டீ ஆறுதுங்கக்கா" என்றால், "ஆறட்டும் கண்ணு, கை சூடாவட்டும்" என்பார். ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்களாம். "கைக்கு ஓய்வு குடுத்தா வாய்க்கும் ஓய்வு குடுக்கோணுமுங்களேன்னு கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார். அவர் வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

லைன் அதைப் பெரிய விசயமாக்கவில்லை. ஏனென்றால் எங்களுக்குள் 'கைமாத்து' என்று ஒன்று உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாசாமாசம் வருகிற வயிற்றுவலி, ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். அவள் தைக்க வேண்டிய துணிப் பண்டலிலிருந்து முன்னால் இருப்பவள் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வாள், பின்னால் இருப்பவள் ஒரு கைப்பிடி. தைத்து அவள் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்குவதும் இல்லை, திருப்பித் தா என்பதும் இல்லை. சூப்பர்வைசர் மணிக்கொரு தரம் வந்து கூடையை எண்ணி, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். எழுதிவிட்டுப் போனால் அடுத்த மணி வரைக்கும் நடுவில் நடந்ததை யாரும் கேட்பதில்லை. அந்த நடுவில்தான் நாங்கள் அழுதது, சிரித்தது, மல்லிகைப் பூவைக் கிள்ளிப் பங்கு போட்டது எல்லாம்.

அப்புறம் பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை மிஷின் தலையில் மாட்டினார்கள். மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து அனுப்புவது அதன் வேலை. முதலில் வந்த பெட்டி கம்பெனி வைஃபையில் ஓடியது. அது ஒரு தங்கமான பெட்டி. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் மயங்கி விழுந்துவிடும். காலையில் தைத்த கணக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் வரும். "பந்தி முடிஞ்சு எலை எடுத்தப்புறம் வர்ற மச்சான் மாதிரில்ல வருது" என்று மதுரைக்காரி சொல்லுவாள். சூப்பர்வைசரும் அதைக் கண்டுகொள்ளாமல் சாக்பீஸோடுதான் சுற்றினார்.

பிறகு ஒரு நாள் சின்ன முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி மாட்டப்போவதாகச் சொன்னார். ஒயரும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிம், எல்லாம் ஃபைவ் ஜி. "நீங்க பெடல்ல இருந்து கால எடுக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுருமுங்க" என்றார் சந்தோசமாக. அவர் நல்ல பிள்ளைதான். வெளிநாட்டில் படித்தவர், எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாங்குகிறவன் கேட்கிறான், நாம் காட்டாவிட்டால் காட்டுகிற தேசத்துக்கு ஆர்டர் போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மதுரைக்காரி என் காதில், "எம் போனுக்கு ரீசார்ஜ் பண்ண நேரமில்லாமத் திரியிறேன். மிஷினுக்கெல்லாம் சிம் போட்ருக்காய்ங்க. நாளைக்கு அது நம்மளுக்கு மிஸ்டு கால் குடுக்கும் பாரு" என்றாள். சிரித்தோம்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. சுவரில் பெரிய டிவி ஒன்று வந்தது. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு கட்டம். ஓடினால் பச்சை, தயங்கினால் மஞ்சள், நின்றால் சிவப்பு. ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால் மஞ்சள். மூக்கைச் சிந்தினால் சிவப்பு. சின்ன முதலாளி காதர்பேட்டைப் பனியன் சந்தையில் ஏதோ ஒரு கடையில் பேசிக்கொண்டிருப்பார், அவர் போனில் எங்கள் கட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்தே சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். அவர் ஓடி வருவார். அவரும் பாவம், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்.

அடிக்கடி சிவந்தது அவிநாசி அக்காவின் கட்டம்தான். கை மரத்தால் நிறுத்தி உதற வேண்டும். உதறாமல் தைத்தால் பிளேடு. முன்னெல்லாம் உதறிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணி குடித்துக்கொண்டு, மறுபடி தைப்பார். இப்போது உதறி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் முன்னால் நிற்பார்.

கைமாத்தும் செல்லாமல் போயிற்று. பெட்டி கூடையைப் பார்ப்பதில்லை, மோட்டாரைப் பார்க்கிறது. மதுரைக்காரி அக்கா பண்டலில் இருந்து எடுத்துத் தைத்தால், அது மதுரைக்காரி மிஷின் கணக்கில் ஏறியது. நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு உதவினோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அக்கா டிவியில் பின்னால் போனார். ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து, குரலைத் தணித்து, "அக்கா, இப்படியே செவந்துட்டு இருந்துச்சுன்னா உங்களப் பிசிறு வெட்ட அனுப்பச் சொல்லிருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அடுத்த துண்டை எடுத்து மிஷினுக்குள் விட்டார். அன்றைக்கு வேனில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "டைலர்னு வேன்ல ஏறுனவ, ஹெல்ப்பர்னு எறங்கறதா" என்றார். எனக்குச் சொன்னதா, ஜன்னலுக்குச் சொன்னதா தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தது மதுரைக்காரி. "துணி வேற மிஷினுக்குப் போனாத்தானே கண்டுபிடிக்குது? ஆளு போனா?" என்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லைனில் விளக்கு அணைப்பார்கள், மோட்டார் கரண்ட் இருக்கும். அந்த நேரத்தில் அவள் அவசர அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு வந்து அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். டீ நேரத்தில் ஒடிசாப் பொண்ணு. நடுவில் சிவந்தாலும் நாள் முடிவில் அக்கா மிஷினின் கணக்கு நிமிர்ந்துவிடும். சின்ன முதலாளி அந்நேரம் சாப்பிடப் போயிருப்பார். சூப்பர்வைசர் டீக்கடைப் பக்கம் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அக்கா முதலில் மறுத்தார். "நீங்க சோறு உண்ணாம நான் டைலரா இருக்கோணுமாக்கும்?" என்று கோபித்தார். மதுரைக்காரி, "நீ தள்ளுக்கா, ஓன் மெத்தை நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு, அதுல உக்காரத்தான் வாரேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

ஒடிசாப் பொண்ணு சீக்கிரமே மத்தியானத்திலும் முறை மாற்றி உட்கார ஆரம்பித்தாள். அது எனக்குத்தான் உறுத்தியது. அவள் மத்தியானம்தான் ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசுவாள். பழைய நெட்டில் அம்மா முகம் பாதியில் உறைந்து நின்றுவிடும், வாய் திறந்தபடி. இவள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். புது நெட்டு வந்ததும் அம்மா தண்ணி மாதிரித் தெளிவாக வந்தார். கூரை ஒழுகுவதைக்கூடக் காட்டினார். எங்களுக்கும் கும்பிடு போட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே இந்த நெட்டைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது எனக்கு. இப்போது அவள் அக்காவின் மிஷினில் தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்து அதிரும். "எடுத்துப் பேசு கண்ணு" என்றேன். அக்காவுக்கு அவள் பேச்சில் தீதி. "தீதி, அம்மா டெய்லி பாக்குது. ஒரு நாள் பாக்கலே, ஒண்ணும் ஆகாது" என்றாள். அது ஒரு நாள் அல்ல.

எங்கள் பக்கம் பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் கைக்கு மேலேயே இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத்தான் போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் எங்கிருந்தோ வந்தவர்கள், ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்று நிறுத்தியிருக்க வேண்டும். "கூடக் கொஞ்சம் இருக்கட்டும், கை ஜாஸ்தி மரக்கற அன்னிக்கு ஒதவும்" என்று போட்டுக்கொண்டே போனார்கள். செக்கிங்குக்கு ஆள் குறைவில்லாத ஒரு நாளில் நானும் போய் உட்கார்ந்தேன். நானும் இன்னொரு கரண்டி வைத்தேன்.

பெட்டிக்குச் சேமித்து வைக்கத் தெரியாது. வந்ததை வந்தபடி அனுப்பியது. ஒரு காலையில் டிவியில் எல்லாருக்கும் மேலே அவிநாசி அக்காவின் கட்டம், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். சின்ன முதலாளி வேகமாக உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். "டீக்கும் நிக்கறதில்ல, சோத்துக்கும் நிக்கறதில்ல! இந்த வயசுல! அக்காவப் பாருங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அக்காவை மிஷினோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். அக்கா வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

போட்டோவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் சூப்பர்வைசர் சொன்னார்: அடுத்த ஆர்டருக்கு லைன் முழுக்க அக்கா மிஷின் ஓடுகிற கணக்குத்தான் அளவு. நாலு பேர் சேர்ந்து, சோற்று நேரத்தையும் போட்டுத் தைத்த கணக்கு அது. அதை இனி ஒவ்வொருத்தியும் தனியாகத் தைக்க வேண்டும்.

அதோடு பட்டையும் வரப்போகிறது என்றார். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் கை எப்படித் திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று அது படித்து அந்த நிமிசமே அனுப்பிவிடுமாம். நல்ல டைலரின் கையை அப்படியே படித்து வைத்துக்கொண்டால், புதிதாக வருகிறவர்களின் கையில் கட்டிய பட்டை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று அதிர்ந்து சொல்லிக் கொடுக்குமாம். இதற்கெல்லாம் பழைய நெட்டில் ஓட முடியாது, இப்போது முடியும். முதலில் படிக்கப் போவது அவிநாசி அக்காவின் கையை, வாங்குகிறவர்கள் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அடுத்து செக்கிங் மேசைக்கு மேலே ஒரு கேமரா, துணியில் ஓட்டை எங்கே என்று அதுவே சொல்லிவிடும் என்றும் சொல்லி, என்னைப் பார்க்காமல் போனார். கேமரா வந்தால் செக்கிங்குக்கு நான் எதற்கு? ஆனால் அன்றைக்கு என் பயத்துக்கு முறை வரவில்லை.

சாயங்காலம் வேனில் மதுரைக்காரியும் எங்களோடு ஏறிக்கொண்டாள். அவள் அறை வேறு பக்கம், இருந்தும் ஏறினாள். அக்காவை நெருக்கி உட்கார்ந்தாள்.

"வாயத் தொறக்காதக்கா" என்றாள் மதுரைக்காரி. "கையில காய்ச்சல்னு சொல்லி அந்தப் பட்டைய நாலு நாளு தள்ளிப் போடு. அதுக்குள்ள வேற ஏதாச்சும் வந்து அவுக மறந்துருவாக."

"மறக்கறதுக்கு அது மனுசனா சாமி?" என்றார் அக்கா. பிறகு வலது கையை மடியில் வைத்து, இடது கையால் ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டே சொன்னார்: "நான் சொல்லிட்டன்னா நான் மிஷின உட்டு எறங்கோணும். சொல்லுலீன்னா நீங்க அத்தன பேரும் சோறு உண்ணாம ஓட்டோணும். நடுவால ஒண்ணும் இல்லீங்களே."

"நாங்க ஓட்டிக்கிறோம்" என்றாள் மதுரைக்காரி.

"அந்த ஒடிசாப் புள்ள அவங்கம்மாளப் பாத்து எத்தன நாளாச்சு?"

பூண்டி வந்தது. சாலையோரம் சிற்பக்கூடத்தில் பாதி செதுக்கிய கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கும்போது, "வாரனுங்கக்கா" என்றேன். வழக்கமாக "பாத்துப் போ கண்ணு" என்பார். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்கு அடுத்த நாள்தான் ஸ்டாண்டும் போனும் பட்டையும். அக்கா புதுச்சேலை கட்டி வந்திருந்தார், தலையில் கனகாம்பரம். சின்ன முதலாளி இங்கிலீஷில் பேசி, அவர்கள் பேசி, அக்காவின் வேகத்துக்குக் காரணம் கேட்டு, அக்கா நான் முதலில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னார்.

சின்ன முதலாளி சிரித்து, அதைப் போனுக்கு இங்கிலீஷில் ஏதோவாக மாற்றிச் சொன்னார். போனுக்குள் ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். படம் அவ்வளவு தெளிவு, அவர் விரல் மோதிரம்கூடத் தெரிந்தது. அத்தனை தூரத்திலிருந்து மோதிரம் தெரிகிறது, ஒரு முழ தூரத்தில் இருக்கும் கை தெரியவில்லை என்று நினைத்தேன்.

"கையக் குடுங்கக்கா" என்று சின்ன முதலாளி பட்டையை விரித்துப் பிடித்தார்.

மதுரைக்காரி திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோலத் தலையை மிக லேசாக அசைத்தாள். ஒடிசாப் பொண்ணு பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டாள். டிவியில் அவள் கட்டம் மஞ்சளானது. வழக்கமாக உடனே ஓடி வரும் சூப்பர்வைசர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார்.

அக்கா கையைக் கொடுக்கவில்லை. குனிந்து மிஷினின் சுவிட்சை அணைத்தார். மோட்டார் இரைச்சல் இறங்கி நின்றது. டிவியில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் கட்டம் சிவந்தது.

"அக்கா?" என்றார் சின்ன முதலாளி.

அக்கா எழுந்தார். ஸ்டூலில் கட்டியிருந்த மெத்தையின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். வலது கைவிரல்கள் முடிச்சைப் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தன. போனில் இருந்தவர்கள், சின்ன முதலாளி, நாங்கள், எல்லாரும் அதைப் பார்த்தோம். அவர் மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அப்புறம் குனிந்து பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். மெத்தையைத் தட்டி, பின்னால் போய், ஒடிசாப் பொண்ணை எழுப்பி, அவள் ஸ்டூலில் போட்டு, தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைனைக் கடந்து பிசிறு மேசைக்கு நடந்துபோய், நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு நின்று, நூல் வெட்டுகிற கட்டரை இடது கையில் எடுத்துக்கொண்டார்.